அத்திப்பால் பட்ட கை

எங்கள் சாய்ந்தமருதில் அத்திப்பழம் என்றால் இரண்டு. ஒன்று, நோன்பு காலத்தில் பெட்டியில் வருகிற காய்ந்த தட்டைப் பழம். மற்றது, சவளக்கடைப் பக்கத்து வாய்க்கால் கரைகளில் அடிமரத்திலேயே குலை குலையாகக் காய்க்கிற நாட்டு அத்தி. முதலாவதை பிஸ்மி சொல்லித் தின்போம். இரண்டாவதன் காயை, கீரை விற்க வரும் கனகேஸ்வரி கொண்டு வந்தால் வாங்கி, அவித்துத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் ஆக்குவோம். பெயர் ஒன்றாய் இருந்தால் குணமும் ஒன்றாய் இருக்கும் என்ற நினைப்பில்தான் இத்தனை நாசமும் தொடங்கியது. அதில் என் பங்கும் இருக்கிறது. அதனால்தான் நானே சொல்கிறேன்.

என் மதிலுக்கு அந்தப் பக்கம் றாஹிலாவின் வளவு. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பவர். அவளுடைய காக்கா ஸஹீத், தங்கச்சிக்கு வீடு கட்டவேண்டும் என்பதற்காகவே பத்து வருஷம் சவூதியில் தண்ணீர் பவுசர் ஓட்டினார். முற்றத்துக்கு வரும்போதெல்லாம் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். றாஹிலாவின் மாப்பிள்ளை நிப்றாஸும் சவூதிக்குப் போனவன்தான்; தாயிஃப் மலையில் ஒரு தோட்டத்தில் ஏழு வருஷம். மற்றவர்கள் கம்பளியும் டீவியும் கொண்டு வந்து இறங்க, அவன் ஈரக் கடதாசியில் சுற்றின இருபது கம்பு கொண்டு வந்து இறங்கினான்.

"மச்சான் ஏழு வருசம் உழைச்சி விறகு கொண்டு வந்திரிக்கார்" என்றார் ஸஹீத். தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடற்கரை மணலில் அந்தக் கம்பு எங்கே பிடிக்கப் போகிறது என்று பார்த்திருந்தோம். நிப்றாஸ் சவளக்கடை வயலிலிருந்து உழவு மெஷினில் களிமண் ஏற்றி வந்து, குழி வெட்டி நிரப்பி நட்டான். இருபதில் ஏழு பிழைத்தது. இரண்டாம் வருஷம் ஏழும் காய்த்தன. அரபியில் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று அவனுக்கும் சரியாகத் தெரியாது. பெயர் வைத்தவள் றாஹிலா. அதுவும் மரத்தைப் பார்த்து வைக்கவில்லை. சட்டியில் போட்டுப் பார்த்து வைத்தாள்.

கறுத்துத் தோல் தடித்தது கறுவல். மஞ்சளாய்ப் பழுத்து அடியில் ஒரு சொட்டுத் தேன் கட்டி நிற்பது தேனன். பச்சையும் மஞ்சளுமாய்க் கோடு ஓடி, பிளந்தால் உள்ளே மாதுளை நிறமாய் இருப்பது கோடன். பழுத்தாலும் பச்சையாகவே இருந்து காகத்தையும் வௌவாலையும் ஏமாற்றுவது பச்சையன். மற்ற மூன்றில் ஒன்று வெறும் நீர்ச்சுவை, ஒன்று கடுகளவு காய், ஒன்று பிஞ்சிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும். அந்த மூன்றுக்கும் அவள் பெயர் வைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே அவளுடைய குசினிக்குத்தான் போவேன். எனக்குப் படிப்பிக்கத் தெரிந்த அளவுக்குச் சமைக்கத் தெரியாது.

"கழுத்தப் பாருங்க பஸ்னா ராத்தா. நிமிந்து நிண்டா அது இன்னம் காய். தலையத் தொங்கப் போட்டாத்தான் பழம்."

"மனிசருக்கும் அப்பிடித்தான் கா."

"மனிசர் தலையத் தொங்கப் போட்டா மற்றவங்க ஏறி மிதிப்பாங்க. பழத்துக்குத்தான் அது சரி."

மாட்டிறைச்சியை வறுத்த தூளும் பட்டையும் றம்பை இலையும் போட்டு முக்கால் வேக்காட்டில் வைத்து, கறுவலை இரண்டாய்ப் பிளந்து மேலே அடுக்கி மூடுவாள். அகப்பை போடமாட்டாள். துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவாள். தோல் தடித்த கறுவல்தான் அதற்குத் தாக்குப்பிடிக்கும். தேனனைப் போட்டால் கரைந்து காணாமல் போகும். தேனன் வட்டிலாப்பத்துக்கு, சேர்த்தால் சர்க்கரை பாதி போதும். கோடனில் ஒரு புளிப்பு உண்டு. காய்ந்த மிளகாயும் மாசிக் கருவாடும் வெங்காயமும் சேர்த்து அதை வதக்கி அவள் செய்கிற சம்பலுக்கு நான் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டே போவேன். பச்சையனை மட்டும் சமைக்க விடமாட்டாள்.

"அது வாய்க்குள்ள போறதுக்கு முன்னுக்கு அடுப்பக் காட்டப்படாது. பாவம்."

வாட்ஸ்அப்பில் படம் போட்டாள். கல்முனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஓடர் வந்தது. நிப்றாஸைத் தெருவில் "றாஹிலாட மாப்புள" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கம்பு கொண்டு வந்தவன் அவன், தண்ணீர் ஊற்றினவன் அவன், பெயர் அவளுக்கு. போன வருஷம் ஒரு நாள் அஸர் தொழுகை நேரம் அவளுடைய போனுக்கு ஒரு ஆண் பிள்ளை ஓடருக்குக் கதைத்ததற்கு, குசினியில் வைத்து அவளை அறைந்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சத்தம் கேட்டது. ஒரு தரமல்ல, மூன்று தரம். அடுத்த நாள் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கதவு பட்டுட்டு" என்றாள்.

ஸஹீத் வந்து பார்த்தார். கதவையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "பாத்து நட புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்பினார். நான் நம்பவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது என் நெஞ்சில் ஒரு வருஷம் முள்ளாய்க் கிடந்தது.

இந்த வருஷம் ஆடி மாதம், கச்சான் காற்று வாட்டி எடுக்கிற நாள். நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டார் வந்து, குர்ஆனில் அல்லாஹ் சத்தியம் பண்ணிச் சொன்ன அத்தியின் காயில் பாலாணம் வேண்டும் என்று கேட்டார்கள். நாட்டு அத்தியல்ல, அரபு அத்தி. அந்த மரத்துக் காயை யாரும் அதுவரை ஆக்கியதில்லை. அன்றைக்குக் கனகேஸ்வரியும் கீரைக் கடகத்தோடு முற்றத்தில் இருந்தாள்.

"நாட்டு அத்திக்காய எப்பிடி ஆய்வீங்க அக்கா?" என்று றாஹிலா கேட்டாள்.

"என்ன ஆய்றது, குலையோட முறிச்சி மடியில போட வேண்டியான். பால் வடியும், உடுப்புல கறை புடிக்கும். வேற ஒண்டும் செய்யாது."

"ரெண்டும் அத்திதானே" என்றாள் றாஹிலா.

வியாழக்கிழமை நடுப் பகலில் ஆய்ந்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில். இதெல்லாம் நான் பிறகு அறிந்ததுதான். அவள் அரைக்கைச் சட்டையோடு ஸ்டூலில் ஏறி நின்று ஐம்பது அறுபது காய் முறித்தாள். நிப்றாஸ் கீழே நின்று கிளைகளைக் கவ்வாத்துப் பண்ணினான். இலையை முறித்தாலும் பால், காம்பை முறித்தாலும் பால். அவளுடைய முழங்கை வரைக்கும் வழிந்தது. காற்றில் ஸ்டூல் ஆட, விழப்போனவளை அவன் மேல்கையில் எட்டிப் பிடித்தான். பால் நனைந்த கை. இரண்டு பேரும் சிரித்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து காம்பு வெட்டினார்கள். தாயிஃபில் அவன் கையுறையும் நீளக் கை உடுப்பும் போட்டுத்தான் வேலை செய்தான். அது மலைக் குளிருக்கு என்று நினைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை அவளுடைய தோல் சிவந்தது; உழைத்துக் காய்த்த அவனுடைய உள்ளங்கையில் ஒன்றும் காட்டவில்லை. சனிக்கிழமை கொப்புளம் போட்டது.

சனிக்கிழமை காலை நான் போனபோது றாஹிலா குசினியில் முதுகு காட்டி நின்றாள். சட்டைக்கையைத் தோள் வரை சுருட்டி விட்டிருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொதிதண்ணீர் ஓடின மாதிரி கொப்புளக் கோடுகள். மேல்கையில் ஐந்து விரல். பெருவிரல் ஒரு பக்கம், நாலு விரல் மறு பக்கம், ஒவ்வொரு விரலும் நீர் கட்டிப் புடைத்து, எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது.

"என்ன கா இது!"

"பால் பட்டுட்டு ராத்தா" என்றாள்.

அந்த நேரம் நிப்றாஸ் தேங்காயோடு உள்ளே வந்தான். அவள் சட்டென்று கையை இறக்கி விட்டாள். புண்ணில் துணி பட்டு முகம் சுருங்கியது. அவன் என்னைப் பார்த்து ஸலாம் சொன்னான். நான் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. என்ன பால் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து ஸஹீதின் மனைவி சிபானாவுக்குப் போன் எடுத்தேன். போன வருஷம் மூடின வாயை இந்த வருஷம் திறக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

"மச்சி, றாஹிலாட கையப் பாத்தயா?"

"ஓம் ராத்தா, காலையில நான்தான் மருந்துக்கடைக்குக் கூட்டிப் போன. மரம் பட்டதெண்டு சொன்னா."

"மரமா? எனக்குப் பால் எண்டு சொன்னா."

"பாலா? மருந்துக்கடையில காய் ஆஞ்சதால வந்ததெண்டா. அவங்க ஆணம் கொதிச்சி ஊத்துப்பட்டதாக்கும் எண்டு சுட்ட புண்ணுக்குத்தான் மருந்து தந்த."

பால், மரம், காய். மூன்று பேருக்கு மூன்று சொல். எல்லாம் ஒரே மரத்தைப் பற்றிய ஒரே உண்மை என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. பொய் சொல்கிறவள்தான் ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாள் என்றுதான் பட்டது.

"மச்சி, அஞ்சி விரலும் பதிஞ்சிரிக்கி. எண்ணிப் பாத்தன். எதையோ காய வெச்சிச் சுட்டுப்போட்டுப் புடிச்சிரிக்கான், இல்லாட்டி கொதிபால ஊத்திப்போட்டுப் புடிச்சிரிக்கான். போன வருசமும் கதவு படல்ல. நான் கேட்டன், என்ட காதால."

"யா அல்லாஹ்" என்றாள் சிபானா. போன் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. றாஹிலாவின் அடுப்பில் கறுவல் போட்ட இறைச்சி. வாசம் மதிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஸஹீத் கேற்றைக் காலால் உதைத்துத் திறந்தார். கையில் பொல்லு. நிப்றாஸ் கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து "வாங்க மச்சான்" என்றான். அந்தச் சொல் முடியுமுன் முதல் அடி முதுகில் விழுந்தது.

நான் மதிலோரம் கல்லில் ஏறி நின்று பார்த்தேன். மறைத்து என்ன பயன், முழுவதையும் பார்த்தேன். இரண்டாவது அடி முழங்காலில். அவன் விழுந்தான். ஸஹீத் தலைமயிரைப் பிடித்து முகத்தை மண்ணில் தேய்த்தார். மூக்கிலிருந்து இரத்தம் கொட்டி மண்ணில் கட்டி கட்டியாய் நின்றது. "என்னத்துக்கு மச்சான், என்னத்துக்கு" என்பதைத் தவிர நிப்றாஸுக்கு வேறு சொல் வரவில்லை. வயிற்றில் ஒரு உதை விழுந்ததும் அதுவும் நின்றது.

றாஹிலா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள்.

"காக்கா! விடுங்க காக்கா! என்ன செய்றீங்க!"

"கையத் தூக்குடி. தூக்கிக் காட்டு. எந்தக் கை புடிச்சது?"

"அது பால் காக்கா! அத்திப்பால்! மரத்துப் பால் பட்டுப் பொங்கின!"

"மூண்டு பேருக்கு மூண்டு கதை சொல்றாய். பால் எண்டாய், மரம் எண்டாய், காய் எண்டாய். இப்ப மூண்டையும் ஒண்டாக் கட்டிட்டாயா? கதவு பட்டதெண்டு சொன்னதும் நீதானேடி!"

அவள் வாயடைத்து நின்றாள். அந்த ஒரு கணம்தான். அதைக் கண்டதும் தெருவே முடிவு கட்டிவிட்டது. கேற்றடியில் இருபது பேர் நின்றார்கள். "நல்லாக் குடுங்க, பொண்டாட்டியப் பொசுக்கிற நாய்க்கு" என்று ஒருவன் சொன்னான். எனக்குள்ளும் ஒரு திருப்தி வந்தது. இவ்வளவு சொன்னபின் அதை மட்டும் மறைக்க மாட்டேன்.

ஸஹீத் நிப்றாஸின் வலது கையை இழுத்துக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தார். அவனுடைய மணிக்கட்டை முழங்காலால் அழுத்தினார். கட்டோரம் சாத்தியிருந்த, குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்தார்.

"இந்தக் கைதானே?"

றாஹிலா அவருடைய தோளில் பாய்ந்து கடித்தாள். அவர் ஒரு உதறு உதறினார். அவள் போய்க் கோடன் மரத்தடியில் விழுந்தாள். அலவாங்கின் மொட்டை முனை இறங்கியது. ஒரு தரம். காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம். நிப்றாஸ் கத்தின கத்தலில் கேற்றடியில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். மறுபடியும் ஒரு தரம். அதற்கு அவனிடம் கத்தலும் இல்லை. விரல்கள் நாலு பக்கம் திரும்பிக் கிடந்தன.

ஆட்டோவில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு றாஹிலா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுப்பில் இறைச்சி கருகி நாறியது. நான்தான் போய் அடுப்பை நிறுத்தினேன். வெளியே வந்து பார்த்தால், ஸஹீத் மேலிலிருந்த சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோடாலியோடு மரங்களுக்குள் நிற்கிறார். கோபம் இன்னும் தீரவில்லை. அடிக்க ஆள் இல்லை.

"இந்தக் கம்புலதான் எல்லாம் வந்த" என்று சொல்லிச் சொல்லி வெட்டினார். பெயர் உள்ள நாலும் பெயரில்லாத மூன்றும் நடு வெயிலில் சாய்ந்தன. பழம் கால்களுக்குள் மிதிபட்டுச் சிவப்பும் மஞ்சளுமாய் நசுங்கியது. வெட்டின ஒவ்வொரு இடத்திலும் வெள்ளையாய்ப் பால் பொங்கி வழிந்தது. கிளைகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு போய்த் தெருவில் எறிந்தார். பிறகு தேகமெல்லாம் ஒட்டுகிறது என்று முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை சிபானா எனக்குப் போன் எடுத்து அலறினாள்.

"ராத்தா, இவருக்கு நெஞ்சு, கை, கழுத்து எல்லாம் பொங்கிப் பாளம் பாளமாப் போய்ட்டு! அவன்ட குடும்பம் சூனியம் செஞ்சிட்டு எண்டு துள்ளுறார். கெதியா வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

ஆஸ்பத்திரியில் தோல் டொக்டர் பெண் பிள்ளை. ஸஹீதை நிமிர்ந்து உட்கார வைத்து, கழுத்திலிருந்து வயிறு வரை பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்:

"ஐயா, அத்தி மரம் ஏதும் வெட்டினீங்களா?"

ஸஹீத் ஓமென்று தலையாட்டினார்.

"அதின்ட பால் பட்ட தோல்ல வெயில் பட்டா இப்பிடித்தான் சுடும். ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சித்தான் தெரிய வரும். பால் பட்ட கையால ஒராளத் தொட்டா, தொட்ட இடம் அப்பிடியே விரலோட பொங்கும். கனபேர் ஆரோ சுட்டுப்போட்டாங்க எண்டு நினைக்கிற."

சிபானா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஸஹீத் எழுந்து, சேட்டுப் போடாமலே, மாடிப்படி ஏறி நிப்றாஸ் கிடந்த வார்ட்டுக்குப் போனார். கட்டிலடியில் நின்றார். வெள்ளைக் கட்டுப்போட்ட கையையே பார்த்தார். நிப்றாஸ் அவருடைய நெஞ்சைப் பார்த்தான். கட்டில் மறு பக்கம் நின்ற றாஹிலா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வராந்தாவில் வைத்து அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"பால் எண்டு சொன்னனே ராத்தா."

"தெரியாமப் போய்ட்டு கா."

"தெரியாட்டிக் கேக்கத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் என்ட குசினியில இருந்து தின்ட நீங்க. ஒரு வார்த்தை, என்ன பால் எண்டு கேட்டா வாய் அழுகிடுமா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு ஆண்கள் விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். அடிகாயம் என்று ஆஸ்பத்திரிப் பொலிஸில் பதிவாகிவிட்டது. ஏணியிலிருந்து விழுந்தேன் என்று நிப்றாஸ் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மனைவியின் வாக்குமூலம் வேண்டும் என்றார்கள். புதன்கிழமை பள்ளிவாசல் நிருவாகத்து ஸைனுலாப்தீன் ஹாஜியார் றாஹிலாவின் வீட்டு ஹோலில் வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஸஹீத், மருந்து பூசின நெஞ்சு; மறு பக்கம் நிப்றாஸ், கழுத்தில் தொங்கின கை.

"புள்ள, மச்சானுக்கு மச்சான் மன்னிச்சிட்டாங்க" என்றார் ஹாஜியார். "ஸஹீத் வைத்தியச் செலவெல்லாம் பாப்பார். இனி உன்ட ஒரு சொல்லுதான். ஏணியால வழுக்கி விழுந்த. அவ்வளவுதான். இல்லாட்டி உன்ட காக்கா ரிமாண்டுல கிடப்பார்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று றாஹிலா புருஷனைக் கேட்டாள்.

நிப்றாஸ் குனிந்தபடி சொன்னான்: "காக்கா கட்டின ஊடு. நாளைக்கும் நாங்க இதுக்குள்ளதானே இரிக்கணும். போன வருசம் நான் செஞ்சதுக்கு இது கூலியெண்டு நினைச்சிட்டன். ரெண்டும் சரி. இத இதோட உடுவம்."

"ரெண்டும் சரியா?"

"ஓம், கழிஞ்சிட்டு."

யாருடைய கன்னத்தை யாருடைய கையால் கழித்துவிட்டார்கள் என்று எனக்கே கோபம் வந்தது. றாஹிலா "சரி ஹாஜியார், நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் நிம்மதியாய்த் தேநீர் குடித்தார்கள்.

வியாழக்கிழமை அவள் என்னை வரச் சொன்னாள். "நீங்களும் வாங்க. தொடக்கி வெச்ச நீங்கதானே" என்றாள். பொலிஸில் பெண்கள் பகுதியில் ஒரு மேசை, இரண்டு கதிரை. எழுதினவள் திருக்கோவில் ஊர்ப் பிள்ளை, சுஜித்தா என்று சட்டையில் பெயர். கதவு திறந்தபடி கிடந்தது. வெளியே கிடந்த மர வாங்கில் ஹாஜியார், ஸஹீத், நிப்றாஸ் மூன்று பேரும் வரிசையாய் இருந்தார்கள்.

"சொல்லுங்க அக்கா. உங்கட கணவருக்குக் கை எப்பிடி உடைஞ்சது?"

"தொடக்கத்தில இருந்து சொல்றன், எழுதுங்க" என்றாள் றாஹிலா. குரலைத் தாழ்த்தவில்லை. "போன வருசம் என்ட கன்னம் வீங்கினது கதவு பட்டு இல்ல. என்ட மாப்புள அடிச்ச. மூண்டு அடி. நான் பொய் சொன்ன. இந்த வருசம் என்ட கை பொங்கினது அவர் செஞ்சது இல்ல. பால் பட்டது. அண்டைக்கி நான் உண்மை சொன்ன. ஒருத்தரும் நம்பல்ல. கைய உடைச்ச என்ட காக்கா ஸஹீத். அலவாங்கால, ரெண்டு தரம். மரத்தையும் அவர்தான் வெட்டின. ஏழு மரம்."

வெளியே வாங்கு கிரீச்சிட்டது. ஹாஜியார் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்.

சுஜித்தா எழுதினதை வாசித்துக் காட்டினாள். "எனது கையில் பால் பட்டு" என்று வந்த இடத்தில் றாஹிலா மறித்தாள்.

"அத்திப்பால் எண்டு எழுதுங்க தங்கச்சி. மற்றப் பால் எண்டு நினைச்சிடுவாங்க."

திருத்தி எழுதினாள். கொப்புளம் உடைந்து காய்ந்துகொண்டிருந்த கையால் றாஹிலா கையெழுத்துப் போட்டாள். சாட்சி இருக்கிறதா என்று சுஜித்தா கேட்டாள். "நான் இரிக்கன்" என்றேன். போன வருஷம் கேட்ட சத்தம், போன் எடுத்தது, மதிலில் ஏறி நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசும்போது றாஹிலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தோம். ஸஹீதும் நிப்றாஸும் ஒருவர் தோளில் ஒருவர் படும்படி பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். நாலு நாளைக்கு முன் ஒருவரின் கையை மற்றவர் உடைத்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"உனக்காகத்தானேடி நான் அடிச்ச!" என்றார் ஸஹீத். "கூடப் பொறந்தவள் செய்ற வேலையா இது?"

"நானே உட்டுட்டன், உனக்கென்ன வந்த?" என்றான் நிப்றாஸ். "ஊருக்கு முன்னுக்கு ரெண்டு பேர்ட மானத்தையும் வாங்கிட்டாய்."

"நான் அப்பவே சொன்ன மச்சான், இவளுக்குக் கண்டபடி இடம் குடுத்துட்டீங்க" என்றார் ஸஹீத் அவனைப் பார்த்து.

"ஓம் மச்சான்" என்றான் நிப்றாஸ்.

றாஹிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது போல உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு கையை நீட்டினாள்.

"ஊட்டுத் திறப்பத் தாங்க. ரெண்டு பேரும்."

"என்ன?"

"ஊட்டு உறுதிப் பத்திரம் என்ட பேர்ல இரிக்கி காக்கா. நீங்க எனக்கெண்டுதானே கட்டின. அப்ப தாங்க. நான் கூப்பிட்டா வாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் வர வேணாம்."

ஹாஜியார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீட்டின கை நீட்டினபடி இருந்தது. ஐந்து விரல் தழும்பு சட்டைக்கைக்குக் கீழே பாதி தெரிந்தது. ஸஹீத் திறப்புக் கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றக் கன நேரம் எடுத்தார். கழற்றி அவளுடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிப்றாஸின் திறப்பு காற்சட்டையின் வலப்பக்கப் பையில் இருந்தது. இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டு போய் அதற்குள் விடப் பார்த்தான். எட்டவில்லை. மறுபடியும் பார்த்தான். வலியில் நெற்றி வியர்த்தது. அவன் றாஹிலாவின் முகத்தைப் பார்த்தான். சட்டைக்குப் பொத்தான் பூட்டி, சோறு பிசைந்து ஊட்டி, நாலு நாளாய் எல்லாம் செய்தவள் அவள்தான். அவள் அசையவில்லை. நான் ஒரு அடி முன்னே வைத்தேன்.

"உடுங்க ராத்தா" என்றாள். "அவர் எடுப்பார்."

அவன் எடுக்கும் வரைக்கும் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.